வலியில்லாத நாளில் எடுத்த இரத்தம்

முதல் முறை, சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள்.
அதனால் யாரும் கேட்கவில்லை, எழுதினார்கள்:
மது.
இல்லை என்று தவநேசன் சொன்னது
சேலைன் சொட்டுக்கு மட்டும் கேட்டது.

மேல்வயிற்றில் தொடங்கி
முதுகால் வெளியேறப் பார்க்கும் வலி.
குனிந்தால் கொஞ்சம் இரங்கும்,
நிமிர்ந்தால் இல்லை.
கணையம் என்றார்கள்.
"கணை எண்டா அம்புதானே அம்மா?"
என்றாள் சின்னவள்.
அம்புதான்.

இரண்டாவது ஆவணியில்.
மூன்றாவது மார்கழி மழைக்குள், ஓட்டோவில்,
என் மடியில் மடிந்தபடி.
வாயால் ஒன்றும் கொடுக்காதே, ஊசி, சேலைன்,
ஐந்தாம் நாள் கஞ்சித்தண்ணி,
எட்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு.
ஸ்கேனில் பித்தப்பை வெறுமை. கொழுப்பும் அளவோடு.
கல்லும் இல்லை கொழுப்பும் இல்லை என்றால்
மிச்சம் போத்தல்தானே.
அந்தக் கணக்கு எனக்கும் பிழையில்லாமல் வந்தது.

இதைச் சொல்லத்தான் தொடங்கினேன்:
நித்திரையில் அவர் வாயை மணந்து பார்த்தேன்.
சீனக்குடா சீமெந்து ஆலையிலிருந்து வந்ததும்
பையை, சோற்றுப்பெட்டியை,
மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியைக் கிண்டினேன்.
ஒன்றும் அகப்படாத நாட்களில்
என்ன கெட்டித்தனமாய் ஒளிக்கிறார் என்று வியந்தேன்.
குடியை விடவேணும் என்று
பத்திரகாளிக்கு நேர்த்தியும் வைத்தேன்.
குடிக்காத மனுசனிடமிருந்து குடியை
அவள் எப்படி எடுப்பாள்?

நான்காம் முறை
கிண்ணியாவிலிருந்து வந்துபோகும் டொக்டர் ஷிபானா
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
கிளினிக் கொப்பியை
முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"முந்தி சலக்கல் போனதோ?"
இரண்டு தரம்.
"எலும்பு நோவு?"
மூட்டை தூக்கிறவனுக்கு நோகாதா, டொக்டர்.
"கல்சியம் பாத்தவையோ?"
பார்த்தவை. நோர்மல்.
"எப்ப?"
வலியோட வந்த அண்டைக்கு.

பேனையை மூடினார்.
கணையம் வெந்துகொண்டிருக்கும்போது
சுண்ணாம்பு அதற்குள் இறங்கிவிடும்,
கூடிக் கிடந்ததுகூட அளவாய்த் தெரியும்.
வலிக்கிற நாளின் இரத்தம் சாட்சிக்கு உதவாது.
ஆறு கிழமை போகட்டும்.
சாப்பிட்டு, நடந்து, சிரிச்சுக்கொண்டு வாங்கோ.

சிரித்துக்கொண்டு போனோம் என்றில்லை.
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
எவரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை
மென்றுகொண்டு நின்றது.
"இதுக்கும் ஒருநாள் வயித்துக்குத்து வரும்" என்றார்.
"அப்ப மதுவெண்டு எழுதுவினம்."
வேறொன்றும் பேசவில்லை.

பன்னிரண்டு தசம் ஒன்று.
கழுத்துக்குள், அரிசியளவில் இருக்கவேண்டிய சுரப்பி ஒன்று
புளியங்கொட்டையளவு வீங்கி
எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கறந்து
இரத்தத்தில் விட்டபடி இருந்திருக்கிறது,
எத்தனை வருடமோ.
"சீமெந்துத் தூசியாலயோ?" என்று கேட்டேன்.
"இல்லை. இது அவற்ற சொந்த ஆலை."

கண்டியில் வெட்டி எடுத்தார்கள்.
அன்றிரவு விரல்நுனிகள் விறைத்தன;
கூடிக் கிடந்தது இப்போது குறைந்துபோய்
கல்சியம் குளிசையே விழுங்கினார்.
பதினான்கு மாதம் ஆகிறது. ஐந்தாவது வரவில்லை.
வராது என்று ஷிபானா சொல்லவில்லை;
வாறதுக்கு இருந்த காரணத்தை எடுத்தாச்சு, என்றார்.
கொப்பியின் முதல் பக்கத்தில்
அந்தச் சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி
பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

நான் எங்கே கோடு போடுவது?

நேற்று இரவு அவர் முகம் என் பக்கம் திரும்பியது.
பழக்கதோசம், மணந்தேன்.
பற்பசை.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"என்ன, செக்பொயின்ற்
இன்னும் எடுக்கேல்லையோ?"